லியோனா, பினாங்கா? சாப்பாட்டுக்காகவே ஊர் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருடம் சேர்த்த பணம், பத்து நாள் லீவு, ஒரே ஒரு பயணம். பிரான்ஸுக்குப் போய்ச் சாப்பிடலாமா, இல்லை ஆசியாவுக்குள்ளேயே சுற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்வீர்கள்?

எந்த ஊர்ச் சாப்பாடு ருசி என்ற சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. இரண்டு பக்கமும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் சொதப்பியும் இருக்கிறேன். சொதப்பியதற்குக் காரணம் சமையல்காரர்கள் இல்லை. அந்த ஊர் எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரியாமல் என் வழக்கப்படி சாப்பிடப் போனதுதான். அதனால் இந்த வழிகாட்டி டிக்கெட்டில் தொடங்காமல் உங்கள் பழக்கத்தில் தொடங்குகிறது.

முதல் படி: நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறவர் என்று பாருங்கள்

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாடு 2010இல் சேர்ந்தது. கவனியுங்கள், ஏதோ ஒரு பதார்த்தம் சேரவில்லை. மேசையை அலங்கரிப்பது, குடிக்க ஏதாவது கொடுத்துத் தொடங்குவது, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது, சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என அந்த முறை முழுவதும் சேர்ந்தது. பத்து வருடம் கழித்து, 2020இல், சிங்கப்பூரின் ஹாக்கர் கடைப் பண்பாடு அதே பட்டியலில் ஏறியது. அதில் மேசை அலங்காரம் எல்லாம் கிடையாது. ஒரு கூரைக்குக் கீழே நூறு கடை, பொது மேசை, எந்த இனத்துக்காரரும் எந்தக் கடையிலும் வாங்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம். இந்த இரண்டு அங்கீகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

பிரான்ஸில் சாப்பாடு வரிசையில் வரும். முதலில் ஒன்று, அப்புறம் முக்கியத் தட்டு, அப்புறம் சீஸ், அப்புறம் இனிப்பு, கடைசியில் காபி. வேடிக்கை என்னவென்றால், அவர்களும் 19ஆம் நூற்றாண்டு வரை பெரிய விருந்துகளில் எல்லாவற்றையும் மேசையில் மொத்தமாகப் பரப்பித்தான் சாப்பிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவருவது ரஷ்யாவிலிருந்து போன பழக்கம், அதற்கு இன்றும் ‘ரஷ்ய முறை’ என்றுதான் பெயர். நமக்கோ இலையில் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். கூட்டில் கொஞ்சம், பொரியலில் கொஞ்சம், திரும்ப ரசம் என்று கை தாவிக்கொண்டே இருக்கும். அதனால் ஆசிய மேசை நமக்கு உடனே பழகிவிடும். பிரெஞ்சு மேசைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்களா? அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் இருக்க முடியாத அப்பா கூட வருகிறாரா? ஆசியா. கணவன் மனைவி இருவர் மட்டும், பேச நிறைய இருக்கிறது, அவசரம் இல்லை என்றால் பிரான்ஸ்.

சந்தேகம் இருந்தால் புதுச்சேரியில் ஒத்திகை பாருங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் மூன்று சுற்றுச் சாப்பாடு சொல்லிவிட்டு, போனைப் பையில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். இனிப்பு வருவதற்குள் கை துறுதுறுத்தால் விமான டிக்கெட் பணம் மிச்சம். அங்கேயே ஒரு கூடுதல் லாபமும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்கள் வியட்நாம் சமையலையும் கூடவே கொண்டுவந்தன. அரிசித் தாளில் சுற்றிப் பொரித்த ‘நெம்’ அங்கே சில வீடுகளில் நம் வீட்டு சமோசா மாதிரி. நான் பின்னால் ஹனோய் பற்றிச் சொல்லப்போவதன் முன்னோட்டம் அது.

இரண்டாம் படி: நாட்டை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

‘ஆசிய உணவு’ என்று ஒன்று கிடையாது. ஜப்பானியர் கடல்பாசியையும் உலர்ந்த மீனையும் ஊறவைத்து எடுக்கும் தெளிந்த சாறுக்கும், தாய்லாந்தில் உரலில் இடிக்கும் மிளகாய் விழுதுக்கும் என்ன உறவு? பிரான்ஸும் அப்படித்தான். வடக்கே வெண்ணெய், தெற்கே ஆலிவ் எண்ணெய், தென்மேற்கே வாத்துக் கொழுப்பு. பத்து நாளில் ஐந்து ஊர் என்று போட்டால் ரயில் நிலைய சாண்ட்விச்சும் விமான நிலைய நூடுல்ஸும்தான் அதிகம் சாப்பிடுவீர்கள்.

பிரான்ஸ் என்றால் நான் பாரிஸைச் சொல்ல மாட்டேன், லியோனைச் சொல்வேன். பாரிஸில் நல்ல சாப்பாடு இருக்கிறது, ஆனால் அங்கே ஐஃபல் கோபுரத்துக்கும் லூவ்ருக்கும் நடுவே சாப்பாடு இடைவேளை ஆகிவிடும். லியோனில் சாப்பாடுதான் வேலை. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் ஊர். கிழக்கே ஆல்ப்ஸ் பால், வடக்கே பிரெஸ் என்ற பகுதியின் கோழி, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். பட்டு நெசவாளிகளின் ஊர் என்பதால் மாட்டின் குடல், பன்றியின் காது என்று எதையும் வீணாக்காத சமையல். பெரிய வீடுகளில் சமைத்த பெண்கள் தனியாகக் கடை வைத்து வளர்த்த ஊர் இது. அவர்களை ‘லியோன் அம்மாக்கள்’ என்றே சொல்வார்கள். அவர்களில் ஒருவரான யூஜெனி பிராசியே 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷலின் நட்சத்திரம் (உணவகங்களுக்கான தர முத்திரை) வாங்கினார். அவரிடம் வேலை கற்றவர்தான் பிறகு உலகப் புகழ் பெற்ற பால் பொக்கூஸ்.

ஆசியா என்றால் முதல் பயணத்துக்கு மலேசியாவின் பினாங்கு, அதாவது ஜார்ஜ் டவுன். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் ஒரே தெருவில் சமைக்கும் ஊர், நடந்தே சுற்றிவிடலாம். பாங்காக்கும் அருமை, ஆனால் ஊர் பெரியது, போக்குவரத்து பாதி நாளைத் தின்றுவிடும். டோக்கியோ தனி உலகம். எந்த நகரத்தையும்விட அதிக மிஷலின் நட்சத்திரம் அங்கேதான், அதே சமயம் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் சோபா நூடுல்ஸும் அதே அக்கறையோடு கிடைக்கும். அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷலின் பற்றி ஒரு வார்த்தை. டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்காகப் போட்ட கையேடு அது. ஜனங்கள் அதிகம் ஓட்டினால் டயர் அதிகம் தேயும் என்ற வியாபாரக் கணக்கு. ஒரு நட்சத்திரம் என்றால் அந்த வகையில் நல்ல கடை, இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். நாம் இப்போது பேசும் ‘சாப்பாட்டுக்காகப் பயணம்’ என்ற எண்ணத்தையே அச்சில் போட்டு விற்றவர்கள் அவர்கள்தான். 2016இல் சிங்கப்பூரில் இரண்டு ஹாக்கர் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்த பிறகு ஆசியாவிலும் அந்தப் பட்டியலோடு வரிசையில் நிற்கும் கூட்டம் வந்துவிட்டது. என் அபிப்பிராயம்: பிரான்ஸில் அந்தப் பட்டியல் உதவும், பினாங்குத் தெருவில் அவ்வளவாக உதவாது. அங்கே உள்ளூர்க்காரர் மோட்டார் பைக்கை எந்தக் கடை முன்னால் நிறுத்துகிறார் என்று பார்த்தால் போதும்.

மூன்றாம் படி: மாதம்

லியோனுக்கு ஆகஸ்டில் போகாதீர்கள். நல்ல கடைக்காரர்கள் பலர் குடும்பத்தோடு இரண்டு மூன்று வாரம் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளை ஆஸ்பரகஸ் வரும். அக்டோபர், நவம்பரில் காளானும் வேட்டைக் கறியும். நவம்பர் மூன்றாவது வியாழன் பக்கத்து பொஜொலே பகுதியின் புது ஒயின் வரும் நாள். டிசம்பர் 8ஐ ஒட்டி விளக்குத் திருவிழா, அழகுதான், ஆனால் மேசை கிடைக்காது.

பினாங்குக்கு எப்போதும் ஒரே வெயில், ஒரே மழை. டுரியான் பழம் வேண்டுமென்றால் ஜூன், ஜூலை பக்கம் போங்கள், தீவின் மறுபுறம் பாலிக் புலாவில் தோட்டத்திலேயே உட்கார்ந்து தின்னலாம். சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள், பாதிக் கடை மூடியிருக்கும். ரமலான் மாதம் தவிர்க்க வேண்டிய மாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மாலையில் நோன்பு திறப்பதற்காகப் போடும் சந்தைகள் அப்போது மட்டும்தான்.

நான்காம் படி: பணமும் தாளும்

நான் போடும் கணக்கு ரொம்ப எளிது. யூரோவை நூறு ரூபாய், மலேசிய ரிங்கிட்டை இருபது சொச்சம் என்று வைத்துக்கொள்வேன். பினாங்கில் ஒரு தட்டு சார் குவே தியோ (பட்டையான அரிசி நூடுல்ஸ் வறுவல்) சுமார் 8 முதல் 12 ரிங்கிட். லியோனில் மத்தியான செட் சாப்பாடு சுமார் 20 முதல் 30 யூரோ. ஆக, லியோனில் ஒரு வேளைக்கு ஆகும் பணத்தில் பினாங்கில் ஒரு முழு நாள் நாலைந்து கடை ஏறி இறங்கிவிடலாம். டிக்கெட் வித்தியாசம் தனி. சென்னையிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம்தான். பிரான்ஸுக்கு எங்கேயாவது விமானம் மாறிப் போக அரை நாளுக்கு மேல் ஆகும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பிரான்ஸில் பெரிய உணவகங்கள் வார நாள் மத்தியானத்தில் ராத்திரி விலையைவிட ரொம்பக் குறைவாக ஒரு செட் போடும். அதே அடுப்பு, அதே கை. நட்சத்திரக் கடைக்கு ஆசைப்படுகிறவர்கள் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு மத்தியானத்தைப் பிடியுங்கள், ராத்திரி ரொட்டியும் சீஸும் வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடுங்கள்.

விசாவுக்கு: பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதத்துக்குத் தள்ளினால் நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் தவிப்பீர்கள், நான் தவித்திருக்கிறேன். தென்கிழக்கு ஆசியாவில் இந்தியர்களுக்கான விதிகள் சில வருடமாகத் தளர்ந்துதான் வருகின்றன, ஆனால் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் அன்றே அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள், யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள்.

ஐந்தாம் படி: சாப்பிடாதவை எவை என்று எழுதிக்கொள்ளுங்கள்

சைவமா, மாடு ஆகாதா, பன்றி ஆகாதா, முட்டை பரவாயில்லையா? ஒரு தாளில் எழுதுங்கள். ஏனென்றால் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கண்ணி இருக்கிறது.

பிரான்ஸில் சாலட் என்று கேட்டால் அதன் மேல் பொடிப்பொடியாகப் பன்றிக்கறி தூவியிருக்கும், பெயர் ‘லார்தோன்’. வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறில் செய்தது. பழைய முறைச் சீஸ் பலவற்றில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி, காம்தே சீஸும் அப்படித்தான். கடுமையான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். லியோன் சைவர்களுக்குச் சுலபமான ஊர் இல்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் பெயரைக் கேட்டுப் பயந்து விட்டுவிடக் கூடாத ஒன்று அங்கே இருக்கிறது. ‘செர்வெல் து கன்யூ’ என்றால் ‘நெசவாளியின் மூளை’. மூளை எல்லாம் இல்லை, புதிய வெண்பாலாடைக் கட்டியில் பூண்டு, வெங்காயத்தாள், மூலிகை, கொஞ்சம் வினிகர் போட்டு அடித்தது. நம் தயிர்ப் பச்சடிக்குத் தூரத்து உறவு. ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் நிறுத்த முடியாது. வீட்டில் எல்லாரும் சைவம் என்றால் லியோனை விட்டுத் தெற்கே நீஸ் பக்கம் போங்கள். அங்கே கத்தரிக்காய், குடமிளகாய், தக்காளிச் சமையல். விறகடுப்பில் சுடும் ‘சொக்கா’ கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த மெல்லிய அடை, மேலே மிளகு. முதல் வாயிலேயே ஊர் ஞாபகம் வரும்.

ஆசியாவில் கண்ணி வேறு. காய்தானே என்று கேட்டு வாங்கும் கீரையில் இறால் விழுது இருக்கும், மலேசியாவில் அதற்குப் பெயர் ‘பெலாச்சான்’. தாய்லாந்திலும் வியட்நாமிலும் மீன் சாறு, ஜப்பானில் உலர்மீன் சாறு. ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் புரியாது, ஏனென்றால் அவர்கள் கணக்கில் மீன் சாறு உப்பு மாதிரி. பௌத்த சைவத்துக்கான சொல்லைச் சொல்லுங்கள்: தாய்லாந்தில் ‘ஜே’, வியட்நாமில் ‘சாய்’. ஜே கடைகளில் மஞ்சள் கொடி இருக்கும், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. பினாங்கில் இவ்வளவு கஷ்டம் வேண்டாம். லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே ‘சைவம்’ என்று கேட்கலாம்.

ஆறாம் படி: லியோனில் ஒரு நாளை எப்படிப் போடுவது

முதல் தடவை போனபோது காலையில் பழைய நகரம், தேவாலயம், படிக்கட்டு என்று சுற்றிவிட்டு மத்தியானம் 2.20க்கு ஒரு கடை வாசலில் நின்றேன். உள்ளே ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு காபி குடிக்கிறார்கள். வாசலில் நின்றவர் மரியாதையாகச் சொன்னார், சமையலறை மூடிவிட்டது. அடுத்த கடையும் அப்படியே. அதற்கடுத்ததும். சாப்பாட்டுத் தலைநகரத்தில் அன்று நான் சாப்பிட்டது பல்பொருள் கடைக் குளிர்பெட்டியில் இருந்த முட்டை சாண்ட்விச்.

ஆகவே நேரத்தை மனப்பாடம் செய்யுங்கள். மத்தியானம் 12 முதல் 1.30க்குள் உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும். ராத்திரி 7.30க்கு முன்னால் கதவு திறக்காது, 9.30க்குப் பிறகு சந்தேகம். ஞாயிறு, திங்கள் பல கடைகள் விடுமுறை. ஞாயிறு ராத்திரிக்கும் திங்களுக்கும் என்ன வழி என்று கிளம்பும் முன்பே யோசித்து வையுங்கள்.

காலை: பேக்கரியில் ஒரு குரோசான். ரொட்டி வாங்கினால் வெறும் ‘பகெத்’ என்று கேட்காமல் ‘த்ரதிஸியோன்’ என்று கேளுங்கள். 1993இல் வந்த அரசாணைப்படி அந்தப் பெயரில் விற்பதை உறையவைத்த மாவிலோ வேதிப்பொருள் சேர்த்தோ செய்யக் கூடாது. காசு கொஞ்சம்தான் கூட. பிறகு க்ருவா ரூஸ் மேட்டுச் சந்தை. பட்டு நெசவாளிகள் வாழ்ந்த மேடு அது. தறி உயரமாக இருக்கும் என்பதால் வீடுகளின் உத்தரம் வானத்தைத் தொடும். விடியற்காலையிலிருந்து தறியடித்தவர்கள் ஒன்பது மணி வாக்கில் கறியும் ஒயினுமாகச் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ‘மஷோன்’ என்று பெயர், இன்றும் சில கடைகளில் உண்டு.

மத்தியானம்: ‘புஷோன்’ எனப்படும் லியோன் வகைச் சாப்பாட்டுக்கடை. கட்டம் போட்ட மேசைத் துணி, நெருக்கமான மேசை, பக்கத்து மேசைக்காரர் முழங்கை உங்கள் மேல் படும். நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்ல மறக்காதீர்கள். இது சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம், சொல்லாமல் நேராக ‘இரண்டு பேர்’ என்றால் அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்கலாம். அப்புறம் ஒரு குழப்பம்: அங்கே ‘மெனு’ என்றால் விலைப்பட்டியல் இல்லை, செட் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் ‘லா கார்த்’. ‘ஆந்த்ரே’ என்றால் முதலில் வரும் சின்னத் தட்டு. தண்ணீருக்கு ‘காராஃப் தோ’ என்று சொன்னால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், சும்மா ‘தண்ணீர்’ என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். ரொட்டி இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயம் இல்லை.

என்ன சொல்வது? முதல் தடவை ‘கெனெல்’ சொல்லுங்கள். ஆற்று மீனை அரைத்து மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து உருட்டி, சிங்கிறால் சாஸில் சுட்டது, பஞ்சு மாதிரி உப்பி வரும். ‘ஆந்துயெத்’ என்ற சாசேஜ் பன்றிக் குடலைக் குடலுக்குள்ளேயே அடைத்தது. வாசனையும் அதற்கேற்ற மாதிரி. ஊரில் குடல் குழம்பு விரும்பிச் சாப்பிடுகிறவனான எனக்கே பாதிக்கு மேல் இறங்கவில்லை. கடைசியில் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாதாம் போட்ட ‘ப்ரலீன் தார்த்’. ஒயின் குடிக்கிறவர்கள் ‘போ’ கேளுங்கள், 46 சென்டிலிட்டர் பிடிக்கும் தடித்த அடிப்பாகக் கண்ணாடிக் குடுவையில் வரும்.

பில் தானாக வராது. நீங்கள் எழுந்திருக்கட்டும் என்று மேசையில் பில்லை வைப்பது அங்கே அவமரியாதை. நாம் அரை மணி நேரம் ‘ஏன் கவனிக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று புழுங்கிக்கொண்டிருப்போம். ‘லாதிஸியோன்’ என்று கேளுங்கள், வந்துவிடும்.

சாயங்காலம் பால் பொக்கூஸ் பெயரில் இருக்கும் ‘லே ஆல்’ உள்ளரங்கச் சந்தையில் சென் மார்செலான் என்ற சின்ன வட்டச் சீஸ் வாங்குங்கள். ‘இன்று ராத்திரி சாப்பிட’ என்று சொன்னால் உருகி வழியும் பதத்தில் இருப்பதைத் தேடித் தருவார்கள். அதுவும் ஒரு த்ரதிஸியோனும் போதும், ராத்திரிக் கடைக்கு இடம் பிடிக்கும் வேலை மிச்சம். ஒரு நாளில் ஒரு பெரிய சாப்பாடு, அவ்வளவுதான். இரண்டு வேளையும் மூன்று சுற்று என்று வீரம் காட்டினால் மூன்றாம் நாள் சீரகத் தண்ணீரைத் தேடுவீர்கள்.

ஏழாம் படி: பினாங்கில் ஒரு நாள்

இங்கே விதி தலைகீழ். பெரிய சாப்பாடே கூடாது. அரைத் தட்டு, அரைத் தட்டாக ஆறு தடவை. மூன்று பேர் போனால் ஒரு தட்டு வாங்கி மூன்று கரண்டி. முதல் நாள் ஆசையில் ஒரே கடையில் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு அந்தச் சாயங்காலம் முழுவதும் வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு நடந்தவன் சொல்கிறேன், வயிற்றில் இடத்தைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள்.

நேரமும் அட்டவணையில் இல்லை, கடைக்காரர் கையில் இருக்கிறது. ஒரு கடை காலையில் மட்டும், ஒரு கடை சாயங்காலம் நாலு மணிக்கு மேல், ஒரு கடை பானை காலியானதும். வாரத்தில் ஒரு நாள் அவர் விருப்பப்படி விடுமுறை. அதனால் ஒவ்வொரு வேளைக்கும் மாற்றுக் கடை ஒன்று மனதில் இருக்கட்டும்.

காலை ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டாவின் மலேசிய அவதாரம், பருப்புக் குழம்போடு. தே தாரிக் என்ற பால் தேநீரில் இனிப்பு தூக்கலாக இருக்கும், ‘கூராங் மானிஸ்’ என்றால் குறைத்துத் தருவார்கள். ‘கோப்பி ஓ’ பால் இல்லாத காபி. பத்து மணிக்கு மேல் அசாம் லக்சா. அசாம் என்றால் புளி. கானாங்கெளுத்தி வகை மீனை உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, வெள்ளரி, அன்னாசி, காட்டு இஞ்சிப்பூ, கரண்டி ஓரத்தில் கறுப்பாக ஓர் இறால் பசை. நம் மீன்குழம்பு தெரிந்த நாக்குக்கு முதல் வாய் பழக்கமாகவும் இரண்டாவது வாய் முற்றிலும் புதிதாகவும் இருக்கும். பினாங்கில் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், சார் குவே தியோ ரசிகர்கள் மன்னிக்க.

மத்தியானம் நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்பது தோளில் வைக்கும் காவடிக் கம்பு. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றது. இன்று வரிசையில் நின்று கோழி, மீன் முட்டை, வெண்டைக்காய் என்று கை காட்ட வேண்டும். கடைசியில் ‘பாஞ்சிர்’ என்று ஒரு சொல், வெள்ளம் என்று அர்த்தம். நாலைந்து குழம்பையும் கலந்து சோற்றின் மேல் ஊற்றிவிடுவார். பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு சாஸுக்கும் தனித் தட்டு வைப்பார், இங்கே எல்லாச் சாஸும் ஒரே சோற்றில். இலையில் சாம்பாரும் வத்தக்குழம்பும் ஒன்றோடொன்று கலக்கும் எல்லைக்கோட்டுச் சோறு பிடிக்கும் ஆளா நீங்கள்? உங்களுக்காகத்தான் இது. பார்த்து, கை காட்டும்போதே விலை ஏறிக்கொண்டிருக்கும். பெரிய இறாலுக்குக் கை நீட்டும் முன் விலையைக் கேளுங்கள்.

சாயங்காலம் செண்டோல், சுட்டெரிக்கும் வெயிலுக்குத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சை நிற மாவு நூலும் பொடித்த ஐஸும். ராத்திரி சார் குவே தியோ. இதற்குக் கரி அடுப்பும் பொறுமையும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் போடுவார், அப்போதுதான் சட்டியின் சூடு இறங்காமல் அந்தத் தீய்ந்த மணம் ஏறும். பன்றிக் கொழுப்பில் வறுப்பது வழக்கம், ஆகாதவர்கள் ஹலால் கடையைத் தேடுங்கள். சூலியா தெருவில் ராத்திரி வண்டிக்கடைகள் வரிசையாக நிற்கும். சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே இருந்த பெயர், தெருப் பெயரே நம் ஆட்களின் வரலாறு.

காபிக்கடை வழக்கம் ஒன்று புரியாமல் பலர் விழிப்பார்கள். கடை முதலாளி விற்பது பானம் மட்டும். சாப்பாட்டு வண்டிகள் எல்லாம் அவரிடம் வாடகைக்கு இருப்பவை. முதலில் மேசை பிடியுங்கள், எண்ணைப் பாருங்கள், வண்டிக்குப் போய்ச் சாப்பாடும் மேசை எண்ணும் சொல்லுங்கள், தட்டு வந்ததும் காசு கொடுங்கள். பானம் கேட்டுத் தனி ஆள் வருவார். அவரிடம் ஏதாவது ஒன்று வாங்கிவிடுவதுதான் மரியாதை.

எட்டாம் படி: முடிவே எடுக்க முடியவில்லை என்றால் ஹனோய்

1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த இடம். பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டியைக் கொண்டுவந்தார்கள். வியட்நாமியர் அதற்குள் கறிவிழுது, ஊறுகாய் முள்ளங்கி, கொத்தமல்லி, மிளகாய் வைத்து ‘பான் மீ’ ஆக்கிக்கொண்டார்கள். காபி வந்தது, ஆனால் அந்த வெக்கையில் புதுப்பாலுக்கு வழியில்லை, அதனால் டின் கெட்டிப்பால். தட்டு மேல் தட்டு வைத்த அவர்கள் ஃபில்டரைப் பார்த்தால் நம் வீட்டு டிகாஷன் ஃபில்டரின் தம்பி மாதிரி இருக்கும். பால் தட்டுப்பாடு இருந்த 1946இல் ஹனோயின் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் முட்டை மஞ்சளை நுரைக்க அடித்துக் காபி மேல் போட்டார். அந்த முட்டைக் காபி இன்றும் ஊரின் அடையாளம். ‘ஃபோ’ சூப்பும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு வியட்நாமில் உருவானதுதான். பிரெஞ்சுக்காரர்களால் மாட்டுக்கறிப் பழக்கம் கூடியதும் சீன நூடுல்ஸ் வியாபாரிகளும் சேர்ந்து அதற்கு வழி செய்தார்கள் என்பார்கள். ‘பொத் ஒ ஃபெ’ என்ற பிரெஞ்சு மாட்டுக்கறிச் சூப்பிலிருந்து பெயர் வந்ததா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. மாடு ஆகாதவர்கள் கோழி ஃபோ கேளுங்கள், ‘ஃபோ கா’. காலையில் சாப்பிட வேண்டியது, ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

அக்டோபர், நவம்பர் இதமான குளிர். அப்போது இளம்பச்சை நெல்லை இடித்த ‘கொம்’ அவல் தாமரை இலையில் பொதிந்து தெருவில் வரும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் சைவம் என்பதால் அன்று சாய் கடைகளில் வகை கூடும். சைவர்கள் காலண்டரைப் பார்த்து நாள் குறியுங்கள்.

ஒன்பதாம் படி: வயிறும் பையும்

ஆசியாவில் பயம் கிருமி, பிரான்ஸில் பயம் வெண்ணெய். முதலாவதற்குக் கூட்டம் அதிகம் உள்ள கடை, கண்முன்னால் சூடாகப் போடும் தட்டு, மூடிய பாட்டில் தண்ணீர். இரண்டாவதற்கு நடை. ஐந்தாறு நாள் சீஸுக்கும் ரொட்டிக்கும் பிறகு காரத்துக்கு நாக்கு ஏங்கினால் திரும்பும் வழியில் பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் பகுதிக்குப் போங்கள். ஈழத்தமிழர் கடைகள். கொத்து ரொட்டி தட்டும் சத்தம் வாசலிலேயே கேட்கும். வெட்கப்பட வேண்டாம், நான் இரண்டு தடவை போனேன்.

திரும்பும்போது பினாங்கிலிருந்து சாதிக்காய் ஊறல் கொண்டுவரலாம், பெலாச்சான் கட்டியை மூன்று உறை போட்டுச் சுற்றுங்கள். டுரியானை விமானத்தில் மட்டுமில்லை, பல ஹோட்டல் அறைகளிலும் விட மாட்டார்கள். லியோனில் சீஸ் கடைக்காரரிடம் காற்றை உறிஞ்சி ஒட்டித் தரச் சொல்லுங்கள், செய்து தருவார்கள். அதையும் கெட்டிச் சீஸுக்கு மட்டும் செய்யுங்கள். சென் மார்செலானைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தவன் வீட்டில் சூட்கேஸ் இன்னும் மொட்டைமாடியில்தான் இருக்கிறது.